ராணி காலில் சூலக்குறி

ஏலவார்குழலிக்கு அன்று காலையிலிருந்தே தலைகால் புரியவில்லை. தோசையைத் திருப்பும்போதும் வசனம், துணி காயப்போடும்போதும் வசனம். பின்னே என்ன? கல்யாணமான நாளிலிருந்து கணவர் தனசேகரன் பக்கத்தில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஏறாத மேடை இல்லை. அவர் கட்சியின் நகரச் செயலாளர். இவளுக்குக் கும்பிடு போடுவதும் சால்வை வாங்குவதும்தான் வேலை. மைக் மட்டும் ஒரு நாளும் இவள் பக்கம் திரும்பியதில்லை. இன்றைக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஊர் கேட்கப் பேசிவிட வேண்டும்.

செவிலிமேடு மகளிர் மன்றத்து ஆண்டு விழாவுக்கு ரேவதி டீச்சர் சோழர் காலத்து நாடகம் ஒன்று எழுதியிருந்தாள். ஒரு சிற்றரசனின் மனைவி, கோயிலிலிருந்து தப்பியோடி அவளிடம் பிடிபட்ட அடிமைப்பெண், இரண்டே பேர். ராணி வேஷத்துக்கு மன்றமே அடித்துக்கொள்ள, குழலி அடிமை வேஷத்துக்குக் கை தூக்கினாள். ராணி சிம்மாசனத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுவாள். அடிமைக்குத்தான் பக்கம் பக்கமாக வசனம்! ராணி வேஷம் கடைசியில் சின்ன காஞ்சிபுரத்தில் தறி நெய்யும் கமலவேணிக்குப் போனது.

அந்தக் காலத்தில் சிவன் கோயில் அடிமைகளின் காலில் சூலக்குறி போடுவார்களாம். டீச்சர் குழலியின் வலது காலில் மருதாணியால் சூலம் வரைந்துவிட்டாள். "யார் நீ?" என்று ராணி கேட்க, அடிமை காலை நீட்டிக் குறியைக் காட்டிப் பேசுவதுதான் நாடகத்தின் உச்சம்.

திரை விலகச் சற்று முன்னால் தனசேகரன் மேடைக்குப் பின்னால் வந்தார். மனைவியின் கந்தல் சேலையைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"இன்னா கோலம் இது? முன்வரிசையில மாவட்டச் செயலாளர் உட்கார்ந்துகினு இருக்காரு. என் பொண்டாட்டி அடிமையா? மாத்து, மாத்து!"

"எனக்கு இந்த வசனம்தாங்க தெரியும்."

"நீ ஒண்ணும் பேசவே வேணாம். கிரீடத்தை வச்சிக்கினு உட்காரு, போதும்."

மறுத்துப் பழக்கமில்லாத குழலி கமலவேணியோடு சேலையை மாற்றிக்கொண்டாள். கமலவேணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எனக்கு ராணி வசனம்தான் வரும். அடிமை வசனம் ஒரு வரி தெரியாதுக்கா!"

அதற்குள் திரை விலகிவிட்டது. கிரீடத்தோடு குழலி உட்கார்ந்திருக்க, கைகள் கயிற்றால் கட்டப்பட்ட கமலவேணி கந்தலில் நின்றாள். இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. கூட்டத்தில் ஒருவர் இருமினார். கமலவேணி கண்ணை இறுக மூடிக்கொண்டு, தெரிந்த வசனத்தைப் போட்டு உடைத்தாள்.

"யார் நீ? யாருக்கு உரியவள்? சொல்!"

அடிமை ராணியை அதட்டுகிறாள்! கூட்டம் குபீரென்று சிரித்தது. குழலிக்கும் அடக்க முடியாத சிரிப்பு. முன்வரிசையில் தனசேகரன் 'உட்காரு, உட்காரு' என்று கையை அமுக்கிக் காட்டினார். குழலி எழுந்தாள். பட்டுக் கரையைத் தூக்கிக் காலை நீட்டினாள். சிவக்கச் சிவக்க சூலம்.

"இதோ, பாருங்கள்! சோறு கேட்டேன், கிடைத்தது. துணி கேட்டேன், கிடைத்தது. பேச வேண்டும் என்றேன், அதை மட்டும் யாரும் தரவில்லை!"

சிரித்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். குழலி ஒரு சொல் விடாமல் அத்தனை வசனத்தையும் பேசி முடித்தாள். மாவட்டச் செயலாளர்தான் முதலில் கைதட்டினார்.

"ராணி காலிலேயே அடிமைக்குறி! இன்னா கற்பனைய்யா, தனசேகரா!"

தனசேகரன் அவரைவிடச் சத்தமாகத் தட்ட வேண்டியதாயிற்று.

"போ! இன்று முதல் நீ யாருக்கும் அடிமையில்லை," என்று கமலவேணி தன் கடைசி வசனத்தையும் சொன்னாள்.

விடுதலையான அடிமை கூட்டத்துக்கு நடுவே நடந்து வெளியேற வேண்டும் என்பது டீச்சரின் ஏற்பாடு. குழலி கிரீடத்தோடு இறங்கி நடந்தாள்.

"எங்க போறே?" என்று பல்லைக் கடித்தார் தனசேகரன்.

"நாடகத்துல அப்படித்தாங்க இருக்குது!"

கமலவேணியும் பின்னாலேயே ஓடிவந்தாள். வாசலில் டவுன் பஸ் ஒன்று நின்றது. இரண்டு பேரும் ஏறிக்கொண்டார்கள்.

"பர்ஸ் எடுத்துக்கினு வரலையேப்பா," என்றாள் குழலி.

"லேடீஸுக்கு டிக்கெட் ஏது, ராணிம்மா? எங்க வேணா போங்க," என்றார் கண்டக்டர்.

அப்போது மண்டபத்து ஒலிபெருக்கியில் தனசேகரனின் குரல் குழைந்தது. "மாவட்டச் செயலாளர் கேட்டுக்கொண்டதற்கிணங்க, என் துணைவியார் இப்போது ஓரிரு வார்த்தைகள் பேசுவார்..."

குழலி கிரீடத்தைக் கழற்றிக் கமலவேணியின் தலையில் வைத்தாள்.

"நான்தான் பேசிட்டேனே! ரைட் குடுப்பா, போவலாம்."