தட்டைத் திருப்பவும்

அந்தப் பழைய காரில் ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும். பானெட்டைத் திறந்தால் என்ஜின் ஒரு பெஞ்சைப் போல நீளமாகக் கிடக்கும். அதற்கு வயது முப்பத்தெட்டு. அதை ஓட்டிய எக்ஸ்ரே டெக்னீஷியனுக்கு நாற்பத்தொன்று. என்ஜின் மேல் அவளுக்கு ஒரு குறையும் கிடையாது. அதன் பின்னால் இருந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோடுதான் ஒத்துப்போகவில்லை. வளைவுக்குள் நுழையும்போது அது தன் இஷ்டத்துக்கு ஒரு கியரில் இருக்கும். வளைவு முடிந்த பிறகு யோசித்துவிட்டு வேறொன்றுக்கு மாறும். பழைய கார்களுக்கான பந்தயத்தில் போன வருஷம் இருபத்திரண்டு வண்டிகளில் அவள் இருபத்தொன்றாவதாக வந்தாள். இருபத்திரண்டாவது வண்டி பாதியில் தீப்பிடித்து நின்றுவிட்டது.

இந்த வருஷம் மேனுவல் கியர்பாக்ஸ் மாட்டியே தீருவது என்று முடிவு செய்தாள். பழைய வண்டிகளை உடைக்கும் ஒரு யார்டில் ஐந்து கியர் பெட்டி ஒன்றைத் தேடிப் பிடித்தாள். ஆளுயரத்தில் பாதி நீளம், தனியாளாகத் தூக்க முடியாத கனம். மாட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும். அவளிடம் இரண்டு பேர் இருந்தார்கள்: கணவர், அண்ணன். சங்கடம் என்னவென்றால், அவர்கள் இருவரும் ஆறு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை.

கணவர் தையல்காரர். கோட்டு தைப்பதில் கைதேர்ந்தவர். மனைவியின் காரைப் பிரித்து மாட்டியே மெக்கானிக் வேலையும் கற்றுக்கொண்டவர். அண்ணன் லேத் பட்டறை வைத்திருந்தார். சண்டை ஒரு சமையலறைக் குழாயில் ஆரம்பித்தது. வாஷர் சின்னது என்று அண்ணன் சொன்னார். சரியான அளவுதான் என்று தையல்காரர் சொன்னார். பிறகு சமையலறையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. யார் சொன்னது சரி என்று இன்றுவரை தீரவில்லை, ஏனென்றால் அந்த வாஷர் தண்ணீரோடு போய்விட்டது.

கார் விஷயமாக அவள் கேட்டதும் இருவரும் தனித்தனியாகச் சரி என்றார்கள். அவள் பக்கத்தில் இருக்கும்போது வேலை அவள் வாய் வழியாக நடந்தது. உங்க அண்ணன்கிட்ட பதினேழாம் நம்பர் ஸ்பேனர் கேளு என்பார் தையல்காரர். அண்ணன் இரண்டடி தள்ளி நிற்பார். அவள் கேட்பாள், அவர் அவளிடம் கொடுப்பார், அவள் இவரிடம் கொடுப்பாள். அவளுக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி இருக்கும் நாட்களில் ஷெட் சுவரில் சாக்பீஸால் எழுதிக்கொண்டார்கள். இருவரும் சுருக்கமாக எழுதுபவர்கள்.

வேலை என்னவோ நன்றாகத்தான் நடந்தது. ஆட்டோமேட்டிக்குக்கென்று செய்த என்ஜின் என்பதால், கியர்பாக்ஸ் தண்டின் நுனி வந்து உட்கார வேண்டிய இடத்தில் வெறும் குழிதான் இருந்தது. தண்டைத் தாங்க அண்ணன் வெண்கலத்தில் புஷ் என்ற சின்ன வளையம் ஒன்றைக் கடைந்து கொண்டுவந்தார். குழியில் வைத்துத் தட்டியதும் அது அங்கேயே பிறந்ததுபோல உட்கார்ந்தது. பின் சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டையும் வெட்டிக் குறைத்து நேர் பார்த்துக் கொடுத்தார். கியர் கம்பி வெளியே வருவதற்குக் காரின் தரையில் ஓட்டை வேண்டும். தையல்காரர் முதலில் காகிதத்தில் அளவு வெட்டினார், வைத்துப் பார்த்தார், ஓரமாகக் கொஞ்சம் கத்தரித்தார், மறுபடி வைத்துப் பார்த்தார். அதன் பிறகே தகரத்தில் கை வைத்தார். கியர் கம்பி, வெட்டிய ஓட்டையின் நட்டநடுவில் வந்து நின்றது. அண்ணன் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, நல்லாயிருக்கு என்று தங்கையிடம் சொன்னார். இதைச் சொல்லணுமா என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்றார்.

புதன்கிழமை அவள் டியூட்டியில் இருந்தாள். அன்றுதான் கிளட்ச் மாட்டினார்கள். கிளட்ச் பிளேட்டின் நடுவில் ஸ்பிரிங்குகள் ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும். புடைத்த பக்கம் கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் கிளட்ச் விடாது. தையல்காரர் அதை என்ஜினைப் பார்க்க வைத்து, சுற்றிலும் போல்ட்டுகளை முடுக்கிவிட்டு, கை கழுவப் போனார். அண்ணன் டார்ச் அடித்துப் பார்த்தார். கிளட்ச் பிளேட்டைத் தட்டு என்றே சொல்லிப் பழகியவர் அவர். சுவரில் எழுதினார்: தட்டைத் திருப்பவும்.

தையல்காரர் திரும்பி வந்து அதைப் படித்தார். முந்தின நாள் அண்ணன் வீட்டிலிருந்து சாப்பாடு வந்த எவர்சில்வர் தட்டு அலமாரியில் கிடந்தது. ஒரு தட்டுக்காகச் சுவரில் எழுதுகிறாரே என்று அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இருந்தாலும் அதைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மச்சானின் ஸ்கூட்டர் சீட்டில் வைத்தார்.

அண்ணன் ஸ்கூட்டரையும் தட்டையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, ஒன்றும் எழுதாமல், கியர்பாக்ஸின் ஒரு முனையைப் பிடித்தார். இருவருமாகத் தூக்கி மாட்டினார்கள்.

சனிக்கிழமை காலை அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். கிளட்சை அடிவரை மிதித்து, முதல் கியரில் போட்டுச் சாவியைத் திருப்பினாள். கார் துள்ளி, முன்னாலிருந்த மேஜையை இரண்டடி தள்ளிவிட்டு நின்றது. மறுபடி செய்தாள். மேஜை சுவரைத் தொட்டது. கிளட்சின் எண்ணெய்க் குழாயில் காற்று இருக்கும் என்று தையல்காரர் மூன்று முறை காற்றெடுத்தார். மாற்றம் இல்லை. அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, என்ன?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா எதுக்குக் கூரையப் பாக்குற?"

அவர் கீழே பார்த்தார். "தட்டு திரும்பியிருக்கு."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"புதன்கிழமை. எழுதித்தானே வெச்சேன்." சுவரைக் காட்டினார். எழுத்து அழியாமல் இருந்தது.

தையல்காரர் சுவரைப் படித்தார். பிறகு மனைவியிடம், "நான்தான் திருப்பிக் குடுத்துட்டேனே. கழுவிக் குடுத்தேன்" என்றார்.

நோயாளிகளை மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வது அவள் தொழில். இப்போது அவளே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரித்திருந்தால் அத்தோடு போயிருக்கும் என்று பின்னால் சொன்னாள். ஆனால் பந்தயத்துக்கு எட்டு நாள்தான் இருந்தது, அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஈரத்துணியால் சுவரைத் துடைத்தாள். சாக்பீஸைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"இனிமே நான் யாருக்கும் எதையும் சொல்லமாட்டேன். உங்களுக்குச் சொல்லணும்னா வாயால சொல்லுங்க. எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சு."

அவள் போன பிறகு இருவரும் காருக்கடியில் மல்லாந்து படுத்து, மாட்டியதையெல்லாம் கழற்ற ஆரம்பித்தார்கள். ஒரு மணி நேரம் ஸ்பேனர் சத்தம் மட்டும் கேட்டது. கடைசி போல்ட் வந்ததும் கியர்பாக்ஸ் ஜாக்கியின் மேல் ஒருக்களித்தது. தையல்காரர் அதை நிமிர்த்த அடியில் கை கொடுத்தார். ஜாக்கி வழுக்குவதை அண்ணன்தான் முதலில் பார்த்தார்.

"மாப்பிள்ளை, கைய எடுங்க."

தையல்காரர் எடுத்தார். கியர்பாக்ஸ் கையிருந்த இடத்தில் விழுந்து சிமெண்டுத் தரையைப் பெயர்த்தது. தையல்காரர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தார். ஊசி பிடிக்கிற விரல்கள். எல்லாம் மடங்கின.

"எடுத்துட்டேன்" என்றார், ரொம்பத் தாமதமாக.

"பாத்தேன்."

"அன்னிக்கு அந்தத் தட்டப் பாத்து என்ன நெனச்சீங்க, மச்சான்?"

"என்னைக் கேலி பண்றீங்கன்னு நெனச்சேன்."

"தட்டக் கழுவி வெச்சு யாராவது கேலி பண்ணுவாங்களா?"

"அதுதான் எனக்கும் புரியல."

கிளட்ச் பிளேட்டைச் சரியான பக்கம் வைத்து, இந்த முறை இருவரும் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். கியர்பாக்ஸ் மறுபடி ஏறும்போது ஷெட்டில் ஓயாத பேச்சு. கொஞ்சம் இடப்பக்கம், இல்ல என்னோட இடப்பக்கம், இருங்க, விட்டுடாதீங்க, வந்துடுச்சு. அவள் டியூட்டி முடிந்து வந்தபோது வாசல்வரை சத்தம் கேட்டது. அடித்துக்கொள்கிறார்கள் என்று நினைத்து ஓடி வந்தாள். போல்ட்டை எந்த வரிசையில் முடுக்குவது என்று விவாதம் நடந்துகொண்டிருந்தது.

பந்தயத்தில் பத்தொன்பது வண்டிகள். முதல் மூன்று சுற்று அவள் பயந்து பயந்துதான் கியர் மாற்றினாள். நாலாவது சுற்றில், குறுகலான வளைவுக்கு முன்னால் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினாள். என்ஜின் கனைத்துக்கொண்டு எழுந்து, அவள் கேட்ட நொடியில் இழுத்தது. ஹெல்மெட்டுக்குள் தனியாகச் சிரித்தாள். அடுத்தடுத்து ஐந்து வண்டிகளைத் தாண்டினாள். கடைசிச் சுற்றில் மூன்றாவது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தது. திரும்பப் போட்டாள், திரும்ப வந்தது. ஒரு கையால் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஓட்டி முடித்தாள். ஏழாவது இடம்.

இறங்கி வந்து விஷயத்தைச் சொன்னாள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்றார் தையல்காரர். பல் தேய்ந்திருக்கும், ஸ்பிரிங் எல்லாம் பிறகு என்றார் அண்ணன். ஏழாவது வந்ததற்கு ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. அவளே போய் ஒரு டீ வாங்கிக் குடித்தாள். அதற்காக அவள் வருத்தப்படவில்லை.

திங்கட்கிழமை அவள் டியூட்டிக்குக் கிளம்பும்போது கார் மறுபடி ஸ்டாண்டின் மேல் நின்றது. அடியில் நான்கு கால்கள் தெரிந்தன. ஸ்பிரிங்கா பல்லா என்று அங்கிருந்து குரல் வந்துகொண்டிருந்தது. போயிட்டு வரேன் என்றாள். இருவருக்கும் கேட்கவில்லை.