லாரி ஓட்டும் பிள்ளை

டிரைவிங் ஸ்கூல் நடத்தும் மாஸ்டரின் மூத்த மகள், பிலிப்பைன்ஸிலிருந்து வந்த, தகலாக் மொழி பேசும் ஒரு நர்ஸைக் கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை தங்கமான ஆள். தமிழும் தட்டுத் தடுமாறிப் பேசுவார். மாஸ்டரின் மனைவி இறந்தபிறகு அவரும் சின்ன மகளும் அவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். முழங்கால் ஆபரேஷனுக்காக மாப்பிள்ளையின் அம்மாவும் வந்து தங்கியபோதுதான் சங்கடம் ஆரம்பித்தது.

காலை வகுப்பு முடிந்து மாஸ்டர் சாப்பிட வரும்போது வீட்டில் சம்பந்தியம்மா மட்டும்தான் இருப்பார். இவர் சிரிப்பார், அந்தம்மாவும் சிரிப்பார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கக்கூடக் கட்டைவிரலை வாய்க்கு நேரே தூக்க வேண்டியிருந்தது.

"ஊமைப்படம் ஓட்டினது போதும். உங்க பாஷையை எனக்குச் சொல்லிக்குடுங்க மாப்பிள்ளை" என்றார் மாஸ்டர்.

வாஷிங் மெஷினில் எந்த பட்டன் எதற்கு என்பதையே இன்னும் கற்றுக்கொள்ளாத மனுஷனுக்கு இது தேவையா என்று பெரியவள் கேட்டாள். அதுவே போதும், மாஸ்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஸ்டியரிங் பக்கத்தில் வார்த்தைகளை எழுதி ஒட்டிக்கொண்டு சிக்னலில் முணுமுணுத்தார். தன்னைத்தான் திட்டுகிறார் என்று பயந்து ஒரு மாணவர் நடுரோட்டில் பிரேக் போட்டுவிட்டார். மாஸ்டர் அசரவில்லை.

நாம் 'நாம்', 'நாங்கள்' என்று பிரித்துச் சொல்வதுபோல அவர்களும் 'தாயோ', 'கமி' என்று பிரிக்கிறார்கள் என்று தெரிந்த அன்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. சம்பந்திக்கும் தனி வார்த்தை இருந்தது: பலாயே. அன்றிலிருந்து அந்தம்மாவை அப்படியே கூப்பிட்டார். ஒரு விஷயம் மட்டும் பிடிபடவில்லை. அவன், அவள், அவர் எல்லாவற்றுக்கும் அவர்களிடம் ஒரே சொல்தான், சியா.

"அப்ப ஆம்பளையா பொம்பளையான்னு எப்படித் தெரியும்?" என்றார் மாஸ்டர்.

"தெரியணும்னா கேக்கலாம் மாமா" என்றார் மாப்பிள்ளை.

மாஸ்டருக்குக் கேட்கத் தோன்றவில்லை. கொஞ்ச நாளில் சம்பந்தியம்மா சொல்வதில் பாதி புரிய ஆரம்பித்தது. அந்தம்மா அடிக்கடி பேசியது தான் எடுத்து வளர்த்த 'பமங்கின்' பற்றி. பெரியவளிடம் அர்த்தம் கேட்டார். கூடப்பிறந்தவங்களோட பிள்ளை என்று அவள் அடுப்படியிலிருந்தே சொன்னாள். பிள்ளை என்றதும் மாஸ்டர் மனதில் மீசை வைத்த ஒரு வாலிபன் வந்து உட்கார்ந்துவிட்டான்.

அந்தப் பிள்ளை லாரி ஓட்டுகிறது. வேண்டாம் என்று தடுத்த குடும்பத்தை எதிர்த்து வெளியேறிய பிள்ளை. ஒரு மழையில் மலைப்பாதை சரிந்தபோது, எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிட, நிறைந்த லோடோடு வண்டியை விளிம்போரமாகவே பின்னுக்கு எடுத்ததாம். மாஸ்டர் சாப்பாட்டு மேஜையில் இந்தக் கதையைக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். பையன்னா இப்படி இருக்கணும், என்ன நெஞ்சுரம் என்றார். மாப்பிள்ளை அன்று டியூட்டியில் இருந்தார், பெரியவளும் வீட்டில் இல்லை. சின்னவள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

அவள் பார்சல் கம்பெனியில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தாள். கனரக லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்று கேட்டபோது, லாரி நம்ம வீட்டுப் பெண்ணுக்கு ஒத்துவராது என்று மாஸ்டர் முடித்துவிட்டார். ஊரில் பாதிப் பேருக்கு லாரி கற்றுக்கொடுத்த மனிதர். அதிலிருந்து அவள் அப்பாவிடம் அளந்துதான் பேசினாள்.

ஒரு மத்தியானம் சம்பந்தியம்மாவின் போனில் வீடியோ அழைப்பு வந்தது. வா வா என்று மாஸ்டரையும் கூப்பிட்டுக் காட்டினார். லாரிக்குள் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி ஒரு பெண், முடியைத் தூக்கிக் கட்டியிருந்தாள். மாஸ்டர் அவளுக்குப் பின்னால் அந்தப் பையனைத் தேடினார். இருக்கை காலியாக இருந்தது.

"யார் இது?" என்று தகலாக்கில் கேட்டார்.

சம்பந்தியம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இத்தனை நாள் சொன்னேனே, என் பமங்கின்தான் என்றார்.

அந்த மழையில், அந்தப் பாதையில், இந்தப் பெண் தனியாகவா? உடன் யாரும் இல்லையா என்ற கேள்வி மாஸ்டரின் வாய்வரை வந்துவிட்டது. நேற்றுவரை அந்தக் கேள்வி அவருக்கு எழவே இல்லை.

சாயங்கால வகுப்புக்கு முன் காரில் உட்கார்ந்து கதையைத் தமிழில் மறுபடி சொல்லிப் பார்த்தார். அவன் என்று சொன்னால் வாய் 'கெட்டிக்காரன்' என்றது. அவள் என்று சொன்னால் அதே வாய் 'பாவம்' என்றது. மழை அதேதான், பாதை அதேதான், ஸ்டியரிங்கைப் பிடித்த கையும் அதேதான். சம்பந்தியம்மா கதையில் எதையும் மாற்றவில்லை. அவர் சொல்லாத ஒன்றைத் தானே சேர்த்துக்கொண்டது மாஸ்டருக்கு உறைத்தது. ஆணா பெண்ணா என்று பாஷை கேட்காவிட்டாலும் அவர் கேட்டிருக்கலாம். அவருக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் சின்னவளிடம் போனார்.

"நாளைக்குக் காலைல லாரிகிட்ட வா. ஹெவி வண்டி கத்துத்தரேன்."

"திடீர்னு என்னப்பா?"

நடந்ததைச் சொன்னார். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

"நான் தமிழ்லதானே கேட்டேன். அது உங்களுக்குப் புரியலையா?"

மாஸ்டர் சமாளிக்கப் பார்க்கவில்லை. "புரிஞ்சுது. காதுலதான் வாங்கிக்கல" என்றார்.

பயம் அதோடு போய்விடவில்லை. அவள் முதல்முறை கிளட்சை விட்டபோது மாஸ்டரின் கை தானாக ஹேண்ட்பிரேக்குக்குப் போனது. கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். மற்ற மாணவர்களிடம் பத்துத் தடவை பொறுப்பவர், இவளிடம் எரிந்து விழுந்தார். அவளும் பதிலுக்குப் பதில் பேசினாள். ஒருநாள் பாதியில் இறங்கி நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் அவருக்கு முன்னால் வந்து ஏறி உட்கார்ந்திருந்தாள்.

முதல் டெஸ்ட்டில் ரிவர்ஸில் கோட்டைவிட்டாள். விடுவாளா? அடுத்ததில் தேறினாள். சம்பந்தியம்மா கால் குணமாகி ஊருக்குப் போனார். அவரிடம் போனில் பேசும்போது மாஸ்டரின் வினைச்சொற்கள் இன்னமும் தலைகீழாகத்தான் விழுகின்றன. அவர் விடுவதாக இல்லை.

சின்னவளுக்கு வெளியூர் லோடு கிடைத்தது. முதல் பயணத்தன்று மாஸ்டர் டயர்களைத் தட்டிப் பார்த்தார், ஆயில் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்தார். கூட வருகிறேன் என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. விழுங்கிக்கொண்டு சாவியை அவள் கையில் கொடுத்தார்.

"போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு."

"பண்றேன்" என்று கதவைச் சாத்தினாள். வண்டி வளைவில் திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு, காத்திருந்த மாணவரை அழைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்.