நாலாம் நம்பர் பிரஸ்ஸும் பெயர் போடாத சீட்டும்

1

கைப்பேசியில் ஒரு பெண்ணின் படத்துக்குக் கீழே, பெயரும் முகமும் இல்லாத ஒருவர் எழுதியிருந்ததைப் படித்த அன்றுதான் இந்தக் கதையை எழுதத் தோன்றியது. எழுத உட்கார்ந்தால் நினைவு 1991-க்குப் போய்விட்டது. அப்போது கைப்பேசி இல்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒரு தகரப் புகார்ப் பெட்டி இருந்தது. மேலே துளை, பக்கத்தில் பூட்டு, முகப்பில் 'பெயர் தேவையில்லை'.

டூல் ஸ்டோர் பார்த்துக்கொள்ளும் கோதண்டராமன் திங்கட்கிழமை அதைத் திறந்தார். ஒரே சீட்டு. மேல் பாதியில்: 'நாலாம் நம்பர் பிரஸ்ல சேஃப்டி கார்டு கழண்டுடுச்சி. எவன் கையாவது போவும்.' கீழ்ப் பாதியில், அதே கையெழுத்தில், இன்ஸ்பெக்‌ஷன் மேசை ஷெர்லினைப் பற்றி ஓர் அசிங்கமான வரி. (அதை இங்கே எழுதினேன், அடித்துவிட்டேன். இங்கேயும் அது பரவ வேண்டாம்.)

பெயர் கேட்டால் மேல் பாதி வராது. கேட்காவிட்டால் கீழ்ப் பாதி நிற்காது. கோதண்டராமனுக்கு வழி தெரியவில்லை. எனக்கும்தான்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'அந்தக் கொடியவன் சீட்டை மடித்து...' நிறுத்திவிட்டேன். கொடியவனுக்கு அடுத்தவன் கையைப் பற்றி என்ன கவலை?

(கார்டு என்பது, தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் இயந்திரம் இறங்கும்போது கை உள்ளே போகாமல் தடுக்கும் கம்பிவலை. இதையெல்லாம் விளக்க எனக்கு ஆசை.)

அன்று மாலையே அதை மாட்டிவிட்டார்கள். ஆனால் கோதண்டராமனிடம் சீட்டை வாங்கிய சூப்பர்வைசர் ரகு அதை முழுதாக, கீழ்ப் பாதியையும் சேர்த்து, உரக்கப் படித்தார். லைன் முழுக்கக் கேட்டது.

3

மறுநாள் மதியம் ஷெர்லின் கேன்டீனுக்குப் போகவில்லை. சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

"இன்னாம்மா, இங்க வந்து தனியா குந்திகினு கீற?" என்றார் கோதண்டராமன்.

"எவன்னு தெரிஞ்சா நேர்ல கேட்டுடுவேண்ணே. தெரியலயே. நூத்திருபது பேர்ல எவன் சிரிச்சாலும் அவன்தான்னு தோணுது. நீங்க சிரிச்சாகூட."

"நான் சிரிச்சே பத்து வருசம் ஆவுதும்மா."

அவள் சிரித்தாள். (சிரித்தாளா? அவள் சிரிப்பது எனக்கு வேண்டியிருந்தது.)

"சனிக்கிழமையோட வேலைய விட்டு நின்னுக்கறேண்ணே."

கோதண்டராமனுக்குப் படப்பையில் ஒரு மனைவியை எழுதிப் பார்த்தேன். மாலையில் போய்ச் சொல்ல ஆள் இருந்தால் இவ்வளவு யோசித்திருக்க மாட்டார். எடுத்துவிட்டேன். பாவம், தனியாகவே சமைக்கிறார்.

4

முடிவு ஒன்று: கையெழுத்தை ஒப்பிட்டு ஆளைப் பிடிக்கிறார்கள். அடுத்த முறை கார்டு கழன்றால் யார் எழுதுவார்?

முடிவு இரண்டு: பெட்டியைக் கழற்றி

வேண்டாம்.

வெள்ளிக்கிழமை ஒருவர் ஸ்பேனர் வாங்க வந்து, தன் எண் பொறித்த பித்தளை டோக்கனை நீட்டினார். ஸ்பேனர் திரும்பும்வரை டோக்கன் ஸ்டோர் ஆணியில் தொங்கும். கோதண்டராமன் அந்த ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நேராக இன்ஸ்பெக்‌ஷன் மேசைக்குப் போனார்.

"பொட்டி சாவிய நீ வச்சிக்க."

"அந்தக் கண்றாவிய நானே படிக்கணுமா?"

"ரகு வாய்க்குப் போறதுக்கு முன்னாடி நீ பாரு. வேண்டியத மட்டும் அவராண்ட குடு."

சனிக்கிழமை அந்தச் சாவியை அவள் வாங்கினாளா, அவர் உள்ளங்கையிலேயே விட்டுவிட்டுப் போனாளா? அதை உங்களிடம் விடுகிறேன். எனக்குத் தெரிந்தது கோதண்டராமன் யோசித்து வைத்த வழிமுறை மட்டும்.

ஸ்டோரில் டோக்கனைக் காட்டினால் வரிசை எண் போட்ட வெற்றுச் சீட்டு கிடைக்கும்; எண் இல்லாத சீட்டு செல்லாது. எந்த எண் யாருக்கு என்ற நோட்டு கோதண்டராமனிடம் இருக்கும். அவர் சீட்டுகளைப் படிக்க மாட்டார். பெட்டிச் சாவி ஷெர்லினிடம் இருக்கும். அவள் நோட்டைப் பார்க்க மாட்டாள். யாரையாவது இழிவாக எழுதிய சீட்டு வந்தால் மட்டும் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து நோட்டைத் திறப்பார்கள்.