ஒரே டப்பா

இஸ்திரிப் பெட்டியோடு நாளெல்லாம் நிற்கிறவளுக்கு மாதவிலக்கும் நின்றுபோனால் என்ன பாடு என்று எந்த மகராசனும் யோசித்திருக்க மாட்டான். நெஞ்சிலிருந்து சூடு கிளம்பி உச்சந்தலைக்கு ஏறும். ஜாக்கெட் தொப்பலாக நனையும். எனக்கு ஒரு நாளைக்குப் பதினொரு தடவை. கூடவே துணி தேய்க்கும், நான் அண்ணி என்று கூப்பிடும் என் நாத்தனாருக்கும் அதே கதைதான். கடையில் இருப்பதோ ஒரே ஃபேன். அதை யார் பக்கம் திருப்புவது என்று தினமும் மல்லுக்கட்டு.

ஆஸ்பத்திரியில் இதற்கு ஒரு மருந்தைச் சோதிக்கிறார்கள் என்று தெரிந்து இருவரும் பெயர் கொடுத்தோம். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று நர்சுக்கே தெரியாது. சூடு வரும்போதெல்லாம் நோட்டில் குறிக்க வேண்டும்.

இரண்டே மாதத்தில் எனக்கு மூன்றாகக் குறைந்தது. அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன். அண்ணிக்கு ஒரு மண்ணும் குறையவில்லை.

"உனக்கு மருந்து, எனக்கு மாவு. என் ராசி அப்படி" என்றார்.

கேட்டுக்கொண்டு சும்மா இருக்க மனசு வரவில்லை. இருவர் மாத்திரையையும் ஒரே டப்பாவில் கொட்டிக் குலுக்கினேன். ஆளுக்குப் பாதியாவது கிடைக்கட்டுமே!

அடுத்த மாதம் மிச்சத்தை எண்ணி, அவரவர் பழைய புட்டிகளில் பிரித்துப் போட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனோம்.

"உங்க ரெண்டு பேர் மாதிரி யாரும் ஒழுங்கா சாப்பிடறதில்லக்கா" என்று மிச்சத்தை எண்ணிப் பார்த்த நர்ஸ் ஃபைலால் விசிறிக்கொண்டாள். அவள் கழுத்திலும் வியர்வை. "இத்தனை வருஷமா நம்மள யாரு கேட்டா? இப்பதான் கேக்கறாங்க. நீங்க எழுதறத நம்பித்தான் இந்த மருந்த மத்தவங்களுக்குத் தரலாமான்னே முடிவு பண்ணுவாங்க."

எனக்குச் சுருக்கென்றது. சொன்னால் மாத்திரை போய்விடும், தூக்கமும் போய்விடும். ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"சிஸ்டர், ஒரு தப்பு நடந்துபோச்சு."

அண்ணி என் தொடையைக் கிள்ளினார். "தப்பு என்னோடது. நான் மாத்திரையே போடல, தினம் ஒண்ணு தூக்கி எறிஞ்சேன். இவ ஒழுங்காத்தான் போட்டா. என்னை மட்டும் நிறுத்திடுங்க."

அடிப்பாவி! ஃபேனை ஒரு நிமிஷம் விட்டுக்கொடுக்காத மனுஷி! எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அண்ணி பொய் சொல்றாங்க. ரெண்டையும் கலந்தது நான்தான்" என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

நர்ஸ் திட்டவில்லை. டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்து இரண்டு புட்டிகளையும் வாங்கிக்கொண்டாள். "இனிமே மாத்திரை கிடையாது. நோட்டு மட்டும் எழுதிட்டே இருங்க. உள்ளத உள்ளபடி."

மூன்றாவது வாரமே பழையபடி ஆரம்பித்துவிட்டது. ஒரு சாயங்காலம் பாதிச் சட்டையில் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தேன். அண்ணி ஃபேனை என் பக்கம் திருப்பினார். அவர் முதுகும் நனைந்துதான் இருந்தது.

"உங்களுக்கு வேணாமா?"

"எனக்குப் பழகிப்போச்சு. நீதான் ரெண்டு மாசம் சொகுசு கண்டவ. வாய மூடிட்டு எழுது."

நோட்டை எடுத்து, பதினொன்று என்று எழுதினேன்.