ஒக்கூருக்குப் போன பதில்

1999-இல் காரைக்குடியிலிருந்த ஒரு தொலைதூரக் கல்வி நிறுவனம் இணையவழிப் பிரிவு ஒன்றைத் தொடங்கி, ஆரோக்கிய ஷீலாவை அதற்கு மேலாளராக்கியது. ஒக்கூர், சாக்கோட்டை, வலையபட்டி மூன்று ஊர்களிலும் மையம் வைத்து, மையத்துக்கொரு கம்ப்யூட்டர் கொடுத்திருந்தார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே பி.காம். படிப்பவர்கள் மாலையில் மையத்துக்கு வந்து, சந்தேகங்களை மின்னஞ்சலில் அனுப்புவார்கள். காரைக்குடி ஆசிரியர்கள் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அந்த ஆசிரியர்களில் ஒருவர்கூட ஷீலாவுக்குக் கீழே வேலை பார்க்கவில்லை. அவள் கேட்கலாம், அவர்கள் மறுக்கலாம்.

வணிகவியல் துறையில் மூத்தவர் அழகுசுந்தரம். அவர் எந்தப் பக்கமோ மற்றவர்களும் அந்தப் பக்கம். மாணவர்களின் கேள்விகளை ஷீலா அச்செடுத்துக்கொண்டு போய் அவர் மேசையில் வைத்தாள். இங்கிலீஷ் எழுத்தில் தட்டிய தமிழ். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இதென்னம்மா பாஷை? மொகம் தெரியாத ஆளுகளுக்குப் பாடம் நடத்தச் சொல்றீக."

"நீங்க வாயால சொல்லுங்க சார். நான் டைப் பண்ணிக்கிறேன்."

சொன்னார். விடைத்தாள் கட்டைத் திருத்திக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார். மற்றவர்கள் அந்த அளவுக்குக்கூட இறங்கி வரவில்லை.

பரீட்சை நெருங்கிய வாரத்தில் இயக்குநர் ஷீலாவைக் கூப்பிட்டார். ஒக்கூர் மையத்திலிருந்து புகார் வந்திருந்தது. மாணவர்கள் கேட்ட கணக்கில், இயந்திரத்தின் தேய்மானத்தை ஒவ்வொரு வருடமும் மிச்சமிருக்கும் மதிப்பில் கணக்கிட வேண்டும் என்கிறது புத்தகம். காரைக்குடி பதிலோ எல்லா வருடத்துக்கும் வாங்கிய விலையிலேயே கணக்கிடச் சொல்லியிருந்தது.

"யார் சொன்ன பதில் இது?"

அழகுசுந்தரம் சொன்னது. பெயரைச் சொல்லிவிட ஷீலாவுக்கு ஒரு கணம் ஆசையாகக்கூட இருந்தது. ஆனால் சொல்லிவிட்டால் இனி அந்த மனிதர் தன்னிடம் வாய் திறக்கமாட்டார்.

"என் பிரிவுல இருந்து போன பதில் சார். அனுப்புறதுக்கு முன்னாடி இன்னொரு ஆசிரியர்கிட்டக் காட்டியிருக்கணும். காட்டாம விட்டது என் தப்பு."

இயக்குநர் கடுமையாகத்தான் பேசினார். கேட்டுக்கொண்டு வெளியே வந்தவள் நேராக ஆசிரியர் அறைக்குப் போனாள். அழகுசுந்தரத்தை வராந்தாவுக்கு அழைத்து, பதிலைக் காட்டினாள். அவர் படித்தார். முகம் கறுத்துவிட்டது.

"திருத்தி அனுப்பிரலாம்."

"மழையில டெலிபோன் லைன் போயிருச்சு சார், மெயில் போகாது. ஞாயித்துக்கெழமை பரீட்சை. நேர்லயே போயிருவமா?"

"நானுமா?"

"நான் சொன்னா நம்ப மாட்டாக. நீங்க சொன்னாக் கேப்பாக."

சிவகங்கை பஸ்ஸில் இருவரும் ஏறினார்கள். பாதி வழியில் அவர் கேட்டார்.

"டைரக்டர்கிட்ட என் பேரைச் சொல்லியிருக்கலாம்ல?"

"பேரைச் சொன்னாப் பதில் சரியாயிருமா சார்? திருத்தணும், அம்புட்டுத்தேன்."

ஒக்கூர் மையம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. கூட்டுறவுக் கடையில் பில் போடும் பாண்டீஸ்வரி, காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்திருந்த கண்டக்டர் மாயக்கண்ணன், இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அழகுசுந்தரம் கரும்பலகை முன் நின்றார்.

"தேய்மானத்துக்குத் தப்பான பதில் வந்துச்சுல்ல, அது நாஞ் சொன்னது. கவனமில்லாமச் சொல்லிட்டேன். இப்பச் சரியாப் போட்டுக் காட்டுறேன்."

பாண்டீஸ்வரி எழுந்தாள். "சார், எங்களுக்குப் பதில் சொல்றது நீங்கதானா? பதில் வந்திருக்கான்னுதான் சாயங்காலம் வந்ததும் மொதல்ல பாப்போம்."

அவர் சாக்பீஸைக் கையில் உருட்டினார். பிறகு கணக்கைப் போட ஆரம்பித்தார். ஒன்று முடிந்ததும் மாயக்கண்ணன் இன்னொன்று கேட்டார். விளக்குப் போடும் நேரம் வரை அழகுசுந்தரம் உட்காரவே இல்லை. கடைசி பெஞ்சில் இருந்த ஷீலா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்த மனிதரை இங்கே கொண்டுவந்து சேர்த்தது நான்தான் என்ற நினைப்பு நெஞ்சில் நிறைந்து நின்றது.

மறுநாள் காலை அழகுசுந்தரம் தானாகவே இயக்குநர் அறைக்குப் போய், தவறு தன்னுடையது என்று சொல்லிவிட்டு வந்தார். ஷீலாவிடம் அவர் அதைச் சொல்லவில்லை. மதியத்துக்குள் ஆசிரியர் அறை முழுக்கப் பரவிவிட்டது.

அடுத்த கூட்டத்தில் ஷீலா ஒரு புதிய முறையைச் சொன்னாள். எந்தப் பதிலும் இன்னொரு ஆசிரியர் படித்த பிறகுதான் போகும். மூத்தவர்களின் பதிலும் அப்படித்தான். எதிர்ப்பு வரும் என்று அதற்கான பதில்களோடு தயாராக வந்திருந்தாள்.

"என்னோடதை யாரு பாக்குறீக?" என்றார் அழகுசுந்தரம்.

இளைய ஆசிரியர் ஜான் பீட்டர் தயங்கிக் கை தூக்கினார். அதன்பின் யார் யாருடையதைப் பார்ப்பது, எந்த மையத்துக்கு எப்போது நேரில் போவது என்று அவர்களே பேசித் தீர்த்துக்கொண்டார்கள். சாக்கோட்டைக்கு இருவர் போட்டி போட்டார்கள். ஷீலா பட்டியலை எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கணவன் ஆன்றோ கேட்டான். "என்ன, கூட்டத்துல ஒத்துக்கிட்டாகளா?"

"ஒத்துக்கிட்டாக. நான் பாதி சொல்றதுக்குள்ள மீதியை அவுகளே சொல்லிட்டாக" என்றாள் ஷீலா. சிரிப்பை அடக்க அவள் முயலவே இல்லை.