கோரல் ரூம்ஸ், 8 நவம்பர் 1973

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் எதிர்வீட்டு நெவில் கிரிம்ஷாவின் சமையலறையிலிருந்து வந்தது. அவர் ஒரு பொய்யைச் செய்துகொண்டிருந்தார். அதற்குப் பெயர் வைக்க ஆள் தேவைப்பட்டது. நான் வைத்தேன்.

முதல் வரியாக எழுதி அடித்தவற்றில் ஒன்று: "நெவில் கிரிம்ஷா வாழ்நாளில் ஒரே ஒரு பொய்தான் சொன்னார்." (யாரைப் பற்றியும் இப்படி எழுதக் கூடாது.) இன்னொன்று: "மழை பெய்துகொண்டிருந்தது." (ஹாலிஃபாக்ஸில் இதெல்லாம் ஒரு செய்தியா?)

ஆகவே நேராகவே தொடங்குகிறேன்.

2

நெவில் நாற்பது வருடம் பேருந்து நேர அட்டவணை தயாரித்தவர். வண்டி ஓட்டத் தெரியாது. மனைவி கிளெனிஸ் இறந்த பிறகு ஒரு பட்டியல் போட ஆரம்பித்தார். அயர்ன் லார்க் என்ற ராக் இசைக்குழு 1968 முதல் 1981 வரை எந்தெந்த ஊரில், எந்தெந்த மண்டபத்தில் வாசித்தது என்ற பட்டியல். எத்தனை இருக்கை, முதலில் எந்தப் பாட்டு, அந்த மண்டபம் இப்போது என்னவாக இருக்கிறது என்பது வரை. பெரும்பாலும் கார் நிறுத்துமிடம், சில கம்பளக் கடைகள், பிராட்ஃபோர்டில் ஒன்று பள்ளிவாசல். ஆயிரத்துச் சொச்சம் கச்சேரிகள். ஆதாரம் இல்லாமல் ஒரு வரிகூட ஏற்ற மாட்டார். அதை இணையத்தில் போட்டிருந்தார்.

அதை ஒருவன் அப்படியே எடுத்துத் தன் பெயரில் போட்டுக்கொண்டிருந்தான்.

"பொறி வைக்கப் போறேன்" என்றார் நெவில். "எழுபத்து மூணு நவம்பர் ஏழாந்தேதி ஹல்லுல கச்சேரி, ஒம்பதாந்தேதி ஷெஃபீல்டு. நடுவுல எட்டாந்தேதி சும்மா கெடக்கு. அங்க நடக்காத கச்சேரி ஒண்ணச் சொருகிடறேன். திருட்டுப் பய அதயும் சேத்து அள்ளிட்டுப் போவான். அப்பப் புடிச்சுக்கலாம்."

"எந்த ஊர்ல?"

"டிரிஃபீல்டு. எவன் போய்ப் பாக்கப் போறான்? மண்டபத்துக்குத்தான் பேரு வேணும். நீதானே எழுதுறவன், சொல்லு."

"கோரல் ரூம்ஸ்" என்றேன். யோசிக்கவில்லை. வாய் அதோடு நிற்கவும் இல்லை. "உள்ள ஒரு மாடி இருக்கு நெவில். தரை பலமில்லன்னு சிவப்புக் கயிறு கட்டி அடைச்சு வெச்சிருக்காங்க. கீழ நிக்கறவங்க அடிக்கடி மேல பாத்துக்கறாங்க. செவுத்துல ஒரு கடிகாரம், ஏழு நிமிஷம் முன்னாடியே ஓடுது."

"போதும்யா. பேரு மட்டும் குடு. ரொம்ப அளந்தா மாட்டிக்குவோம்."

அவர் ஏற்றியது ஒரு வரி: தேதி, ஊர், மண்டபம். மாடியையும் கடிகாரத்தையும் அவர் எழுதவில்லை. நானும் எங்கும் எழுதவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. (வாசகர் இதை மறந்துவிடக் கூடாது. இந்தக் கதையில் எனக்கிருக்கும் ஒரே சாட்சி இதுதான்.)

3

ஒன்பதே நாளில் திருடன் மாட்டினான். அன்றைக்கு நெவில் வீட்டில் எனக்கு இஞ்சிக் கேக் இரண்டு துண்டு கிடைத்தது.

பிறகு கடிதங்கள் வர ஆரம்பித்தன.

முதலாவதைப் பெவர்லியில் ஓய்வுபெற்ற ஒரு பல் மருத்துவர் எழுதியிருந்தார். அந்தக் கச்சேரிக்குத் தான் போயிருந்ததாகவும், பியர் கொட்டிய தரையில் செருப்பு ஒட்டிக்கொண்டதாகவும். நெவில் வயிறு வலிக்கச் சிரித்தார். "அம்பது வருஷமாச்சு, எந்த மண்டபத்துல ஒட்டின செருப்போ!" இரண்டாவது ஆஸ்திரேலியாவிலிருந்து. அதற்கும் சிரித்தார், கொஞ்சம் குறைவாக.

மூன்றாவது வந்த அன்று, மழையில் வீட்டுச் செருப்போடு தெருவைத் தாண்டி வந்து என் கதவைத் தட்டினார். கையில் தாள். மால்டனில் டிராக்டர் பழுதுபார்த்த ரொனால்டு த்வெய்ட் என்பவர் எழுதியது. "மாடிக்குப் போகும் படியைச் சிவப்புக் கயிறு கட்டி அடைத்திருந்தார்கள். ஏனென்று தெரியாது. ஆனால் பாட்டு முழுக்க, மேலே யாரோ உட்கார்ந்து எங்களைப் பார்ப்பது போலவே இருந்தது."

"நீதானே எழுதின?"

"சத்தியமா இல்ல நெவில்."

"உன்னையும் என்னையும் விட்டா இது யாருக்குத் தெரியும்? கிளெனிஸ் போனப்பறம் இந்த லிஸ்ட்ட வெச்சுத்தான் நான் காலையில எந்திரிக்கிறேன். அதுல போயி வெளையாடுறியே, வெக்கமா இல்ல?"

மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. அந்த மூன்று வாரத்தில் நடந்தது அவர் பின்னால் சொன்னது. என் கைவேலைதான் என்று நிரூபிக்க அவர் த்வெய்ட்டிடம் தொலைபேசியில் பேசினார். த்வெய்ட் நிஜமான ஆள். குரலில் எழுபது வயது, பின்னால் நாய் குரைத்தது.

"அந்தக் கடிகாரத்த நம்பி ஏமாந்தோம்யா" என்றாராம் த்வெய்ட். "ஏழு நிமிஷம் முன்னாடி ஓடியிருக்கு. கடைசிப் பாட்டையும் விட்டுட்டு ஓடி வந்து ஸ்டாப்புல குளிர்ல வெறச்சுக்கிட்டு நின்னோம். பத்து இருபதுக்குத்தான் பஸ் வந்துச்சு."

நெவில் தொலைபேசியை வைத்துவிட்டு மேலறைக்குப் போனார். பழைய அட்டவணைகளை அவர் எறிந்ததில்லை. 1973ஆம் ஆண்டுக் குளிர்காலப் புத்தகத்தில் டிரிஃபீல்டு பக்கத்தைப் புரட்டினார். மால்டனுக்குக் கடைசிப் பேருந்து 10:20. பக்கத்தில் சின்ன எழுத்தில், வியாழக்கிழமை மட்டும் என்றிருந்தது. 1973 நவம்பர் எட்டு வியாழக்கிழமை.

அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்ததாகச் சொன்னார். பயமாக இருந்ததா என்று கேட்டேன். "பயமில்ல. நாப்பது வருஷம் நான் எழுதின நேரத்துக்கு ஜனங்க ஸ்டாப்புல வந்து நின்னாங்க. நான் எழுதினா வந்து நின்னுடுவாங்கன்னு அன்னிக்குத்தான் தோணுச்சு."

4

இங்கே ஹேசல் டன்ஸ்டன் வருகிறார். அவரை நம்பலாமா என்று பலமுறை யோசித்தேன். கதைக்கு வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்தில் வந்து நிற்பவர்களை எழுதுகிறவன் சந்தேகப்பட வேண்டும். இரண்டு வரைவுகளில் அவரை எடுத்தே விட்டேன். கதை நின்றுபோயிற்று. ஆனால்

(அந்த 'ஆனால்' கிடக்கட்டும்.)

பிரிட்லிங்டனிலிருந்து எழுதியிருந்தார். அவருடைய அண்ணன் கொலின், பதினேழு வயது, 1973 நவம்பர் எட்டு இரவு டிரிஃபீல்டுக்கு வெளியே மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து இறந்தான். வீட்டில் ஸ்கார்பரோவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவன். ஸ்கார்பரோ எதிர்த் திசை. அந்தச் சாலையில் அவனுக்கு என்ன வேலை என்று அம்மா ஈனிட் ஐம்பது வருடம் கேட்டுக்கொண்டே இருந்தாராம். "உங்கள் பட்டியலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அன்று அம்மா நிம்மதியாகத் தூங்கினார். அந்த மண்டபம் இருந்த இடத்தில் பூ வைக்க வேண்டும். எங்கே என்று காட்டுவீர்களா?"

நெவில் மறுபடி என் வாசலில் நின்றார்.

"நான் எழுதினது ஒத்த வரி. அதுக்குள்ள ஒரு பையன் வந்துட்டான்."

"உண்மையச் சொல்லிடுங்க நெவில்."

"எழுதியா சொல்ல முடியும்? நேர்லதான் சொல்லணும். வண்டிய நீ எடு."

5

ஹேசல் பிற்பகல் ரயிலில் டிரிஃபீல்டில் வந்திறங்கினார். கையில் செவ்வந்தி. நெவில் நடைமேடை பெஞ்சிலேயே அவரை உட்கார வைத்துச் சொல்லிவிட்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"அப்படி ஒரு மண்டபமே இல்லம்மா. ஒரு திருடனப் புடிக்க நான் கட்டிவிட்டது. உங்க அண்ணன் எங்க போனார்னு எனக்குத் தெரியாது. என்னை மன்னிச்சிடுங்க."

ஹேசலின் முகம் சிவந்தது. "ஒரு திருடனப் புடிக்கறதுக்கா? எங்கம்மா அத நம்பிக்கிட்டே போய்ச் சேந்தாங்க, தெரியுமா? போன மாசம்."

நான் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஹேசல் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அப்ப அம்மாவுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"என்ன தெரிஞ்சுது?"

"நான் தேதியும் ஊரும்தான் வாசிச்சேன். மண்டபத்துப் பேர வாசிக்கறதுக்கு முன்னாடியே அம்மா சொல்லிட்டாங்க. 'கோரல் ரூம்ஸா? மாடிக்கு மட்டும் போகாதேன்னு அவன்கிட்டச் சொல்லித்தானே அனுப்பினேன்'னாங்க. அம்பது வருஷமா எங்க போனான்னு கேட்டவங்க அவங்க! நான் எதுவும் கேக்கல. தூங்கட்டும்னு விட்டுட்டேன்."

நெவில் என்னைப் பார்த்தார். இந்த முறை அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இல்லை. அது இருந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஹேசல் எழுந்து ஊருக்குள் நடந்தார். வழி கேட்கவில்லை. நாங்கள் பின்னால் போனோம். இரண்டு திருப்பங்கள் தாண்டி, மூடிக் கிடந்த ஒரு டயர் கடைச் சுவரோரம் பூவை வைத்தார். ஏன் அங்கே என்று நெவில் கேட்டார்.

"தெரியல. கால் நின்னுடுச்சு."

கடையின் மேல்தளத்து ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். அப்படி அடைத்த கட்டடங்கள் இந்தப் பக்கம் தெருவுக்கு நாலு உண்டு. மூவருமே அண்ணாந்து பார்த்தோம். உடனே தலையைக் குனிந்துகொண்டோம்.

ரயில் ஏறும்போது ஹேசல் நெவிலின் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த வரிய எடுத்துடுங்க" என்றார். கதவு மூடும் முன், "இல்ல, வேண்டாம், இருக்கட்டும்" என்றார். அப்புறம் கண்ணாடிக்குள்ளிருந்து ஏதோ சொன்னார். கேட்கவில்லை.

6

முடிவுகள். முதலில் எழுதியது: நெவில் அந்த வரியை அழிக்கிறார், கடிதங்கள் நின்றுவிடுகின்றன. (சுத்தமான முடிவு. நெவிலுக்கு வாசித்துக் காட்டினேன். "உனக்கே நம்பிக்கை இருக்கா?" என்றார்.) இரண்டாவது: நகரசபைக் காப்பகத்தில் ஒரு பழைய வரைபடம் கிடைக்கிறது, அதில் டயர் கடை இருக்கும் இடத்தில்

வேண்டாம். தேடினோம். எதுவும் கிடைக்கவில்லை.

நடந்தது இதுதான். நெவில் பட்டியலைத் தொடுவதை விட்டுவிட்டார். கடவுச்சொல்லை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி என்னிடம் கொடுத்தார். "பேரு வெச்சது நீ. நீயே பாத்துக்க." இப்போது தோட்டத்தில் உருளைக்கிழங்கு போடுகிறார். நன்றாகத் தூங்குகிறார்.

நான் பலமுறை அந்த வரியின் மேல் விரலை வைத்துவிட்டு எடுத்திருக்கிறேன். அழித்தால், கொலின் மறுபடி காரணமே இல்லாமல் அந்தச் சாலையில் கிடப்பான். விட்டுவைத்தால், மாதத்துக்கு ஒருவர் அந்த மண்டபத்துக்குள் போய்க்கொண்டே இருக்கிறார். சென்ற வாரம் வந்த கடிதத்தை எழுதிய பெண், தான் கயிற்றைத் தாண்டி மாடிக்குப் போனதாகச் சொல்கிறார். எழுத்து பாதியில் நிற்கிறது. கையெழுத்து இல்லை.

அழிப்பதா, விடுவதா என்பதை உங்களிடம் விடுகிறேன். முடிவு செய்யும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கோரல் ரூம்ஸ் என்பது இந்தக் கதைக்காக நான் மாற்றி வைத்த பெயர். அன்று சமையலறையில் என் வாயில் வந்தது வேறு. அதை வேண்டுமென்றே இங்கே எழுதவில்லை. வாசித்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பெயர் உங்களுக்குத் தானாக நினைவு வந்தால், தயவுசெய்து எனக்கு எழுதாதீர்கள்.