சண்டை போட்டால் புரியும்

மறுநாள் காலை இரத்தப் பரிசோதனை நிலையத்தில் நேர்முகத் தேர்வு. துணிக்கடையில் நாள் முழுக்க நின்று கால் வீங்கியவளுக்கு, அந்த உதவியாளர் வேலை கிடைத்தே ஆகவேண்டும். அடிப்படை அறிவியலில் கேள்வி கேட்பார்களாம். கவலை எதற்கு, கணவரே அறிவியல் ஆசிரியர் ஆயிற்றே!

கவலையே அதுதான்.

"நிலைமம் என்பது, புறவிசை செயல்படாதவரை ஒரு பொருள் தன் ஓய்வு நிலையிலோ..." என்று சோபாவில் சாய்ந்தபடி மறுபடியும் ஆரம்பித்தார்.

"தமிழ்ல சொல்லுங்க."

"இது தமிழ்தான்! அரை மணி நேரமா தொண்டை கிழியக் கத்துறேன், உனக்குள்ள ஒரு துளி இறங்குதா? உன் தம்பி சொன்னா மட்டும் உடனே இறங்கிடும்."

அவளுக்குச் சுருக்கென்றது. கூடவே பளிச்சென்றும் ஏதோ எரிந்தது.

"அப்போ உங்களுக்கு நான் வெப்பம் கடத்தாப் பொருள். மரக்கரண்டி. நிலைமம்னா நீங்க. யாராவது பிடிச்சுத் தள்ளுற வரைக்கும் சோபாவை விட்டு எழுந்திருக்க மாட்டீங்க."

அவர் எழுந்து உட்கார்ந்தார். "சரிதான். ஆனா அது பாதிதான். ஓடுறது நிக்கவும் யாராவது தடுக்கணும். உன் வாய் மாதிரி."

"அழுத்தம்?"

"பஸ்ல முதல்முதலா பார்த்தப்போ என் காலை மிதிச்சியே, ஊசிக் குதிகால் செருப்போட? அதே எடைதான். இடம் சின்னது, வலி பெருசு."

"இன்னும் வலிக்குதா?"

அவர் சிரித்துவிட்டார். அங்கேதான் கெட்டது. அடுத்து வினையூக்கி. மனுஷன் மறுபடி பாடப்புத்தகமாகிவிட்டார்.

"புரியல. கொஞ்சம் கோபப்படுங்களேன்."

"வரமாட்டேங்குதே!"

அப்போது மாடிவீட்டு நாத்தனார் இஸ்திரிப் பெட்டி கேட்டு வந்தாள். "ஏன் தம்பி, இங்க உன் பேச்சு எடுபடாதுன்னு தெரியும். திரைச்சீலையாவது உன் இஷ்டத்துக்கு மாத்தியிருக்கலாம்."

அவ்வளவுதான். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவே திரைச்சீலையில் பிடித்த தீ, பெண்டாட்டியின் தம்பி வரைக்கும் பரவியது. கத்திக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"உங்க அக்கா எங்க?"

"பெட்டிய எடுத்துக்கிட்டுப் போயாச்சு."

"எப்படிப் போனாங்க?"

"வந்த மாதிரியேதான்..." சொல்லும்போதே அவருக்கும் பொறி தட்டியது.

மறுநாள் தேர்வறையில் கடைசிக் கேள்வி: "வினையூக்கின்னா என்ன?"

"எங்க நாத்தனாருங்க," என்று வாய் முந்திக்கொண்டது. "நாலு நாள் கழிச்சு வரவேண்டிய சண்டைய இப்பவே வரவெச்சுட்டு, தான் கொஞ்சமும் மாறாம போயிடுவாங்க."

கேள்வி கேட்ட அம்மாள் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கு ரெண்டு பேரும்மா. நீ என்னிக்கு வேலைக்கு வர்றே?"